ஐந்து சதவீத நிலம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்பு வட்டத்தில் வியட்நாம் பற்றிய பேச்சு கைகலப்பு வரை போய்விட்டது. 1986 டிசம்பரில் ஆறாவது கட்சி மாநாடு 'தோய் மோய்' சீர்திருத்தத்தை அறிவித்த அன்றே அங்கே கம்யூனிசம் செத்துவிட்டது என்கிறார் நண்பர். மார்க்சியத் தத்துவத்தின் படைப்பூக்கமான வளர்ச்சி அது என்பது என் வாதம். யார் சொல்வது சரி? அது சீனாவின் நகலா? சோவியத் விழுந்தும் இவர்கள் ஏன் விழவில்லை? கூடவே ஒரு சின்ன சந்தேகம்: அவ்வளவு நெல் விளையும் நாடு எண்பதுகளில் ஏன் அரிசிக்குக் கையேந்தியது?

க.

அன்புள்ள க.,

கடைசியில் கூச்சத்தோடு ஒட்டவைத்தீர்களே, அந்தச் சின்ன சந்தேகம்தான் கேள்வி. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சீன நகலா என்பதற்கு ஒரு வரி போதும்: சீனாவின் ஷியாவ்காங் கிராமத்தார் பொது வயலைக் குடும்பங்களுக்குப் பிரிக்கும் ரகசிய ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தது 1978ல், வியட்நாமின் வின் ஃபுக் மாகாணம் குடும்பக் குத்தகையை நடத்திப் பார்த்தது 1966ல். மற்றதை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாளைய வடக்கு வியட்நாமின் கூட்டுறவுப் பண்ணையில் வேலைக்குக் கூலி கிடையாது, புள்ளிதான். காலையில் மணி அடிக்கும், வேலையாட்கள் படையாக வயலில் இறங்குவார்கள், கணக்கர் புள்ளி போடுவார். அறுப்பு முடிந்ததும் வரி, அரசுக்குக் கட்டாய விற்பனை, விதை, நிர்வாகச் செலவு எல்லாம் போக மிஞ்சிய நெல்லைப் புள்ளிக்கணக்கில் பிரிப்பார்கள். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. தத்துவம் பேசுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறீர்கள். வரப்பில் இறங்குங்கள் ஐயா.

உழவைப் பரப்பால் அளக்கலாம், ஆழத்தை யார் அளப்பது? மேலாக ஓட்டினாலும் புள்ளி அதேதான். நடவை இத்தனை வயல் என்று எண்ணலாம். நாற்றைத் தள்ளித் தள்ளி நட்டால் வேலை சீக்கிரம் முடியும், புள்ளி குறையாது. எருவுக்கு எடைக்குப் புள்ளி என்றதும் எருவோடு மண்ணும் கலந்து வந்தது. களையெடுப்பு இன்னும் மோசம்: வேரோடு பிடுங்கினாளா, தலையைக் கிள்ளினாளா என்பது பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் புள்ளி ஏறியிருக்கும். நண்டு வளை வழியே ராத்திரி தண்ணீர் ஒழுகினால் எழுந்து போய் அடைப்பதற்குப் புள்ளியே இல்லை. நெல் இப்படிப்பட்ட கணக்கில் ஏறாத வேலைகளால் விளைகிற பயிர். பொது அப்பனுக்கு யாரும் அழுவதில்லை என்பது அவர்கள் ஊர்ப் பழமொழி.

அதே மனிதர்கள் சோம்பேறிகளா? இல்லை. பண்ணை நிலத்தில் ஏறத்தாழ ஐந்து சதவீதத்தைக் குடும்பங்கள் சொந்தத் தோட்டமாக வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. நல்ல எரு அங்கே போனது. பன்றியும் காய்கறியும் அங்கே வளர்ந்தன. பல வீடுகளின் வருமானத்தில் பாதி அளவுக்கு அந்தத் துண்டுதான் கொடுத்தது. உங்கள் நண்பருக்கும் உங்களுக்கும் நான் தரும் பதில் அந்தத் துண்டு நிலம்தான்.

இதைக் கண்ணால் பார்த்தவர் வின் ஃபுக் கட்சிச் செயலாளர் கிம் நோக். குடும்பங்களுக்கு வயலைக் குத்தகையாகப் பிரித்துக் கொடுத்தார். 1968ல் கட்சியின் மூத்த தலைவர் ட்ருவாங் சின் அதைக் கடுமையாகக் கண்டித்தார். கிம் நோக் சுயவிமர்சனம் எழுத வேண்டியதாயிற்று. வழி அடைபட்டது, ஆனால் கிராமங்கள் திருட்டுத்தனமாகத் தொடர்ந்தன. ஹைபாங் பக்கத்தில் எழுபதுகளின் பிற்பகுதியில் ஒளிந்து ஒளிந்து நடந்ததைத்தான் 1981 ஜனவரியில் 100ஆம் உத்தரவு என்று கட்சி ஒப்புக்கொண்டது.

அதன் கணக்கு இது. உழவு, விதை, தண்ணீர், உரம், பூச்சிமருந்து ஐந்தும் பண்ணையின் பொறுப்பு. நடவு, பராமரிப்பு, அறுப்பு மூன்றும் குடும்பத்தின் பொறுப்பு. வடக்கே ஒரு 'சாவ்' என்பது 360 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்பது சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. உதாரணத்துக்கு சாவுக்கு 100 கிலோ நெல் ஒப்பந்தம் என்று வையுங்கள். 120 விளைந்தால் 20 உங்களுக்கு. விளைச்சல் ஏறியது. ஏறியதைப் பார்த்த பண்ணை அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை 110 ஆக்கியது, பிறகு 120. உரம் நேரத்துக்கு வரவில்லை, தண்ணீர் வரவில்லை. உழவன் தானே வாங்கிப் போட்டாலும் பண்ணைக்குக் கட்ட வேண்டிய நெல் குறையவில்லை. கடைசியில் பல இடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கையில் தங்காமல், நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். உழவன் நிலத்தை வேண்டாம் என்கிற நாட்டில் அரிசிக்குக் கையேந்தாமல் வேறென்ன நடக்கும்?

தெற்கே கதை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு விலை கிலோவுக்கு 0.52 தோங் (வியட்நாம் நாணயம்), அந்த விலைக்கு மேகோங் உழவர்கள் நெல்லைத் தரவில்லை. சைகோன் கட்சித் தலைவர் வோ வான் கியெட்டின் ஆதரவில் பா தி என்ற பெண்மணி 2.5 தோங் கொடுத்து வாங்கி நகரத்துக்குச் சோறு போட்டார். இப்படி விதியை மீறுவதற்கு 'வேலி உடைப்பு' என்று பெயர்.

1988 தொடக்கத்தில் வடக்கு மாகாணங்கள் பசியில் கிடந்தன. அந்த ஏப்ரலில் வந்த 10ஆம் தீர்மானம் குடும்பத்தையே உற்பத்தி அலகாக ஏற்றது: நிலம் 15 ஆண்டுக்கு, ஒப்பந்த விளைச்சலில் குறைந்தது 40 சதவீதம் உழுதவனுக்கு. புள்ளி ஒழிந்தது. 1989ல் ஏறத்தாழ 14 லட்சம் டன் அரிசி ஏற்றுமதியானது. வானிலையும் அவ்வாண்டு கைகொடுத்தது, விலைக்கட்டுப்பாடும் விலகியது. எல்லாவற்றையும் ஒரு தீர்மானத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

1986 ஜூலையில் கட்சிப் பொதுச்செயலாளர் லெ துவான் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்த ட்ருவாங் சின்தான் மாநாட்டு அறிக்கையைத் திருத்தி எழுதவைத்து, சீர்திருத்தத்துக்கு வழிவிட்டு, நுயென் வான் லின்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஆம், 1968ல் கண்டித்த அதே ட்ருவாங் சின். படைப்பூக்கம் என்கிறீர்களே, அதற்குச் சொந்தக்காரர் 1979லேயே இறந்துபோன கிம் நோக்.

ஏன் விழவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். வயலை விட்டுக்கொடுத்தார்கள், நாற்காலியை விடவில்லை. அரசியல் பன்மைத்துவம் பேசிய தலைவர் ட்ரான் சுவான் பாக்கை 1990 மார்ச்சில் அரசியல் குழுவிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 1993 நிலச் சட்டம் மாற்ற, விற்க, குத்தகைக்கு விட, வாரிசுக்குக் கொடுக்க, அடகு வைக்க உழவனுக்கு உரிமை தந்தது, நெல் வயலுக்கு 20 ஆண்டு கெடு வைத்து. பத்திரத்தில் உடைமையாளர் இன்றைக்கும் 'முழு மக்கள்'தான்.