ஆபரேஷன் கோவையில், கவனிப்பு குழித்துறையில்
மருத்துவம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மதினிக்கு 41 வயது, எடை 118 கிலோ, ஆறு வருடமாகச் சர்க்கரை. அடுத்த மாதம் கோயம்புத்தூரில், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறோம். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு யாரிடம் காட்டுவது? பக்கத்து டாக்டரிடம் கேட்டால், "ஆபரேஷன் பண்ணின இடத்துலயே காட்டுங்க" என்கிறார்.
- வாசகர், குழித்துறை

பதில்: அவர் தட்டிக்கழிக்கிறார் என்று வருத்தப்பட வேண்டாம். எங்கே வெட்டினார்கள், எப்படி இணைத்தார்கள் என்று தெரியாத வயிற்றில் கைவைக்க எந்த டாக்டரும் தயங்குவார். அந்தத் தயக்கத்தை ஆபரேஷனுக்கு முன்பே போக்கிவிட வேண்டும். வாந்தியோடு ராத்திரி 11 மணிக்குப் போய் நின்றுகொண்டு போக்க முடியாது.

உங்களுக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பார்த்துக் குறைத்துத் தரும் பொது மருத்துவர். அவர் குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்தால் போதும். இன்னொருவர் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழி ஆபரேஷன், செய்யும் சர்ஜன். அவருடைய ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் சிடி ஸ்கேனும் ஐசியூவும் இயங்க வேண்டும், எண்டோஸ்கோப்பி வசதியும் வேண்டும். இதற்கு நாகர்கோவில் வர வேண்டியிருக்கும். உங்கள் ஊருக்குத் திருவனந்தபுரமும் எட்டும் தூரம்தான். தனியாரில் அமையவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பிரிவுக்குப் புறநோயாளியாக ஒருமுறை மதினியோடு போய், விவரம் சொல்லி, சீட்டுப் பதிந்து வையுங்கள்.

கோவை சர்ஜனிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். "ஏதாவது சிக்கல் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா, கோவை டாக்டரிடம் போனில் பேசுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அடுத்தவரைத் தேடுங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததைவிட இந்தப் பதில் முக்கியம்.

மூன்றாம் நாளே ரயில் ஏற வேண்டாம். ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்து, நீளமாகக் கிளிப் அடித்து மூடுகிறார்கள். அந்தக் கோட்டில் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவதும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து, முதல் ரிவியூ முடியும்வரை, 7 முதல் 10 நாள் தங்குங்கள். செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. திரும்பும்போது காரானால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ரயிலானால் கீழ் பெர்த் வாங்கி, பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இந்த வாரங்களில் அதிகம். உறைவைத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி எழுதியிருந்தால், ஊருக்கு வந்தாயிற்று என்று நிறுத்திவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "லேப் ஸ்லீவ் செய்யப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் பயன் இல்லை. ஆபரேஷன் நோட்டின் நகலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரைப்பையை எவ்வளவு அகலம் விடுவது என்று அளவுக்கு உள்ளே வைக்கும் பூஜி குழாய் எந்த அளவு, கசிவு சோதனை செய்தார்களா, ஆபரேஷனின் நடுவில் ஏதாவது சிரமம் இருந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் என்ற எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குடலை எத்தனை சென்டிமீட்டர் விட்டு இணைத்தார்கள், குடலைத் தாங்கும் சவ்வில் உண்டாகும் இடைவெளிகளைத் தைத்தார்களா என்பதும் வேண்டும்.

சர்க்கரை மருந்தை டிஸ்சார்ஜ் அன்றே மாற்றி எழுதி வாங்குங்கள். திரவ உணவில் இருப்பவருக்குப் பழைய அளவில் இன்சுலினோ கிளிமிபிரைடோ கொடுத்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை வேறு விதத்தில் ஆபத்து: சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் முதல் இரண்டு வாரம் தினம் நான்கு முறை பார்த்து, எழுதி, உள்ளூர் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, மதினியின் பர்சில் ஒரு அட்டை இருக்கட்டும். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, சர்ஜனின் போன் எண். அதற்குக் கீழே மூன்று வரி: வாந்தி என்றால் குளுக்கோஸ் டிரிப்புக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். சர்ஜனைக் கேட்காமல் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் இறக்க வேண்டாம்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, இடது தோளில் வலி, மூச்சுமுட்டல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பருமனான உடம்பில் கசிவு இருந்தாலும் வயிறு அமுக்கினால் மெத்தென்றே இருக்கலாம். நாடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் ஸ்லீவ் செய்து இரண்டு மாதம் ஆகிறது. 12 நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. இங்கே கிளினிக்கில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது கால் மரத்துப்போய், நடக்கும்போது தள்ளாடுகிறார். பலவீனம்தானா?
- வாசகி, குளச்சல்

பதில்: வெறும் பலவீனம் என்று விட்டுவிடாதீர்கள், இன்றே நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமிப்பில் நிற்காது. 12 நாள் வாந்தியில் அது தீர்ந்துபோயிருக்கலாம். அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்கவே மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவதும், பேச்சில் குழப்பம் வருவதும் அடுத்த அறிகுறிகள். தாமதித்தால் நிரந்தரமாகிவிடும்.

"ஸ்லீவ் ஆபரேஷன், 12 நாள் வாந்தி, தயமின் குறைவா என்று பாருங்கள்" என்று போனதும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே ஊசியைத் தொடங்குவதுதான் முறை. வழக்கமாக நரம்பு வழியே 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, தேவைப்பட்டால் அதற்கு மேலும் கொடுப்பார்கள். வழக்கமான பி காம்ப்ளெக்ஸ் ஊசி இதற்குப் போதாது. திரவம் ஏற்ற நார்மல் சலைன் (குளுக்கோஸ் இல்லாத உப்புநீர்) போதும். பொட்டாசியம், மெக்னீசியமும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு வாந்தியின் காரணம். மெல்லாமல் அவசரமாகத் தின்பதாலும் வரும். ஆனால் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் குழாயாக்கிய இரைப்பை நடுவில் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் தெரியும், பலூன் வைத்து விரித்துவிடவும் பெரும்பாலும் முடியும். சென்னை டாக்டரிடம் வீடியோவில் பேசுங்கள், ஆனால் பேசி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

கேள்வி: எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்து நான்கு மாதம். எந்தெந்த ரத்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை? கால்சியம் எதுவானாலும் ஒன்றுதானே?
- வாசகி, தக்கலை

பதில்: 3, 6, 12 மாதங்களில், பிறகு ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், கல்லீரல், சிறுநீரகம். பைபாஸ் என்பதால் துத்தநாகம், தாமிரமும். மூன்றாம் மாதப் பரிசோதனை விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே கொடுங்கள். ஒரே லேபில் பாருங்கள், அப்போதுதான் ஏற்ற இறக்கம் தெரியும்.

கால்சியம் ஒன்றல்ல. கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும்; உங்களுக்கு அது குறைவு. சிட்ரேட் என்று கேட்டு வாங்கி, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்றால் அதில் உடம்புக்குக் கிடைக்கும் கால்சியம் ஏறக்குறைய 210 மில்லிகிராம்தான். தினம் 1200 முதல் 1500 என்று சொல்வது அந்த நிகரக் கணக்கு. ஒரு வேளைக்கு 500-க்கு மேல் சரியாக உறிஞ்சாது, அதனால் பிரித்து எடுங்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் இரும்பு வீணாகும்.

கேள்வி: இரைப்பை பைபாஸ் முடிந்து ஐந்து மாதம். அக்கானி (பதநீர்) குடித்த கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிற்றோட்டம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் இனி ஆகாதா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அக்கானியை விட்டுவிடுங்கள். இனிப்பு நீர் இப்போது தங்க இடமில்லாமல் நேராகச் சிறுகுடலில் விழுகிறது. குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்வதால்தான் படபடப்பு. பாயசமும் அப்படியே. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வந்தால் அது சர்க்கரை தாழ்வது. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து, அளவை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

மீன்கறிக்குத் தடை இல்லை, வரிசைதான் மாற வேண்டும். முதலில் மீன், அதற்குப் பிறகு இடம் இருந்தால் இரண்டு துண்டு மரச்சீனி. உங்களுக்குத் தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சாளை (மத்தி மீன்) 150 கிராமில் 30, இரண்டு முட்டையில் 12, 200 கிராம் தயிரில் 7, வெந்த சிறுபயறு 100 கிராமில் 7. எல்லாம் சேர்த்தும் 56தான்; தினமும் இவ்வளவு இறங்காது என்பதால் புரதப் பவுடரை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தொப்புளைச் சுற்றி விட்டுவிட்டுப் பிடித்து இழுக்கும் வலி வந்தால் வாயு என்று விடாமல், ஆபரேஷன் நோட்டோடு சர்ஜனிடம் போங்கள். குடல் உள்ளே இடைவெளியில் மாட்டியிருக்கலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். சிடி ஸ்கேன் கேளுங்கள்.