கறுப்பாக இருந்தால் போதுமா?

கேள்வி: பீச்சில் 150 ரூபாய்க்குக் கூலிங் கிளாஸ் விற்கிறார்கள். அதே மாதிரி ஒன்று ஷோரூமில் 8,000 ரூபாய். தினமும் ஸ்கூட்டரில் 20 கிலோமீட்டர் போகிறவள் நான். அவ்வளவு பணம் போடத்தான் வேண்டுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம். அதற்காக 150 ரூபாய்க் கண்ணாடியைச் சோதித்துப் பார்க்காமல் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

கண்ணைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அதைத் தடுப்பது லென்ஸின் கறுப்பு நிறம் அல்ல. லென்ஸ் செய்த பொருளும் அதில் கலந்த சேர்மானமும்தான். பாலிகார்பனேட் லென்ஸ், நிறமே இல்லாவிட்டாலும், இந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தானே நிறுத்திவிடும். மலிவான பொருள்தான் அது. ஆகவே விலை குறைந்த கண்ணாடியும் நன்றாகவே காக்கலாம். சிக்கல், வெறும் சாயம் ஏற்றிய மட்டமான பிளாஸ்டிக்கில்தான். கறுப்பு லென்ஸ் தரும் இருட்டில் கண்ணின் பாவை விரியும். கதிர் தடைபடாவிட்டால் விரிந்த வழியே கூடுதலாக உள்ளே போகும். அதற்கு வெறுங்கண்ணே தேவலை.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று சொல்லும் 'யுவி 400' ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பெரிய கண்ணாடிக் கடைகளில் இந்தக் கதிரை அளக்கும் மீட்டர் வைத்திருப்பார்கள். ஒரு நிமிட வேலை, கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். வீட்டிலேயே பார்க்க, கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் போதும். இருட்டறையில் 500 ரூபாய்த் தாளின் எண்கள்மேல் அடித்தால் அவை ஒளிரும். நடுவே லென்ஸைப் பிடியுங்கள். ஒளிர்வு அணைந்தால் லென்ஸ் தேறிவிட்டது. டார்ச் ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டராக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கும் 395 வகையின் ஒளி, கண்ணுக்குத் தெரியும் ஊதாவை ஒட்டியது. நல்ல லென்ஸைக்கூட ஃபெயிலாக்கிக் காட்டிவிடும்.

அடுத்தது தலைவலிச் சோதனை. கண்ணாடியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெல்ல இடவலமாக நகர்த்துங்கள். லென்ஸின் நடுப்பகுதியில் கம்பி நெளிந்தால், அது ஒழுங்காக வார்க்கப்படாத லென்ஸ். பத்து நிமிடத்தில் தெரியாது. 20 கிலோமீட்டர் ஓட்டினால் நெற்றி சொல்லும். தெருக்கடைச் சரக்கு அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான்.

நிறத்தின் அடர்த்திக்கு 0 முதல் 4 வரை எண் உண்டு. நம் வெயிலுக்கு 3. அது 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை விடும். 4 மலையேறுவோருக்கானது, வண்டி ஓட்டக் கூடாது. ஹெல்மெட்டுக்குள் போட வேண்டியிருப்பதால் காதுக் கம்பி மெல்லியதாகவும் தட்டையாகவும் இருக்கட்டும்; தடித்தால் பொட்டில் அழுத்தும்.

விலை ஏற ஏறக் கிடைப்பது என்ன? கீறல் தாங்கும் பூச்சு, ஆடாத கீல், மாற்றக்கூடிய மூக்குத் தாங்கி. நியாயமான தேவைகள்தான், ஆனால் ஓரளவு விலைக்குள்ளேயே இவை கிடைத்துவிடும். அதற்குமேல் கொடுப்பது பெரும்பாலும் பெயருக்கு. ரே-பானை 1999-இலும் ஓக்லியை 2007-இலும் வாங்கியது லக்ஸோட்டிகா என்ற ஒரே இத்தாலிய நிறுவனம். பிராடா பெயரில் வரும் கண்ணாடியைச் செய்வதும் அதுவே. ஷோரூமில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் போட்டியாளர்கள் போல உட்கார்ந்திருப்பவை உடன்பிறப்புகள்!

கேள்வி: போலரைஸ்டு வாங்கினேன். செல்போன் திரை கறுப்பாகத் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை, அசல்தான். போனை 90 டிகிரி திருப்புங்கள், திரை தெரியும். ஈரச் சாலை, தண்ணீர், பானெட் இவற்றில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வெட்டுவதே இதன் வேலை. புற ஊதாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைத் தனியே சோதிக்க வேண்டும். மலிவானதில் உள்ளிருக்கும் படலம் ஓரத்தில் பிரிந்து குமிழ் விடும். வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டில் வைத்தால் சீக்கிரமே.

கேள்வி: பவர் கண்ணாடியில் வெயிலுக்குக் கறுக்கும் லென்ஸ் போட்டேன். காருக்குள் கறுக்கவே இல்லையே?
– வாசகர், வேலூர்

பதில்: அதைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர், காரின் முன்கண்ணாடி அதை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. சூடு ஏறினாலும் கறுப்பு குறையும், வேலூர் மே மாதத்தில் வெளியே நின்றாலும் முழு அடர்த்தி வராது. கார் ஓட்ட, பவர் போட்ட, சாயம் ஏற்றிய லென்ஸ் தனியாகச் செய்துகொள்ளுங்கள். துடைக்கும்போது சட்டை நுனி வேண்டாம். முதலில் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிவிட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும்.