சிஸ்டர் பதில்கள்: 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்'

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். வீட்டுக்காரர் குடிக்கமாட்டார், அதனால் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் கை நீட்ட ஆரம்பித்தார். போன வாரம் அடிவயிற்றில் உதைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். 'பிள்ளை பிறந்தால் சரியாகிவிடுவான்' என்கிறார் மாமியார். வளைகாப்பு முடிந்ததும் திருநெல்வேலிக்குப் போய்விடலாமா? நாங்கள் குடியிருக்கும் கோலி (ஒற்றை அறை வீடு) மாமனார் பேரில் இருக்கிறது, நகை அவர்கள் பீரோவில் இருக்கிறது. வெளியே வந்தால் எல்லாம் போய்விடுமா?
பெயர் வேண்டாம், தாராவி

பதில்: மகளே, வழக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் வயிற்றைக் கவனி. வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னாய், வயிற்றில் உதை விழுந்ததைச் சொல்லவில்லை. டாக்டர் என்ன தேடுவார் என்பதே அதனால் மாறிவிடும். அடிவயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரியலாம். சில சமயம் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். வயிறு கல் மாதிரி இறுகினாலோ, வலித்தாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, அந்த நிமிஷமே கிளம்பு. கர்ப்பிணி கார்டில் ரத்த வகையையும் பார். நெகட்டிவ் என்றால், பிள்ளையின் ரத்தம் உன் ரத்தத்தில் கலந்து வரும் கெடுதலைத் தடுக்க, வயிற்றில் அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படும். அந்த நேரம் தாண்டிவிட்டது என்று சும்மா இருக்காதே, இன்றே போய் நடந்ததைச் சொல்.

பிரசவ வார்டில் நைட் டியூட்டி பார்த்த காலத்தில் இந்தப் பாத்ரூம் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். வழுக்குகிறவள் கையை ஊன்றுவாள், முட்டியும் முழங்கையும் சிராய்க்கும். தொப்புளுக்குக் கீழே மட்டும் கன்றியிருந்தால் எங்களுக்குப் புரியாதா? ஆனால் கேஸ் பேப்பரில் ஏறுவது நீ சொன்னதுதான். நாளைக்குக் கோர்ட்டில் அவருடைய வக்கீல் அதே பேப்பரை நீட்டி, 'தானே விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாரே' என்பார். வீட்டுக்காரர் கூடவே நிற்கிறாரா? பரிசோதனை அறைக்குள் கூட வந்த ஆம்பிளைகளைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், அங்கே நர்ஸிடம் சொல். யார் அடித்தார், எங்கே, எப்போது என்று எழுதச் சொல். எம்.எல்.சி. (சட்டம் சம்பந்தப்பட்ட மருத்துவ கேஸ்) என்று பதிவார்கள். அது பதிவு மட்டும்தான், கைது இல்லை.

பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 'தில்லாசா' மையம் வீட்டில் அடிபடும் பெண்களுக்கென்றே இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. வேறு சில மாநகராட்சி மருத்துவமனைகளிலும் உண்டு. செக்கப்புக்குப் போகிற சாக்கிலேயே அங்கே பேசிவிட்டு வரலாம்.

இனி சட்டம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அவர் குடிப்பாரா என்று கேட்காது. கோலி யார் பேரில் என்பதும் பெரிய விஷயமில்லை. நீங்கள் சேர்ந்து குடித்தனம் நடத்திய வீட்டில் இருக்க உனக்கு உரிமை உண்டு. அது மாமனார் பேரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நகையைத் திருப்பித் தரும்படியும், மருத்துவச் செலவும் ஜீவனாம்சமும் கொடுக்கும்படியும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். உன்னை அடிக்கக்கூடாது என்று அவர் போடும் பாதுகாப்பு உத்தரவை உன் வீட்டுக்காரர் மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. நீ தற்காலிகமாகத் தங்கும் ஊரிலும் மனு போடலாம், அதாவது திருநெல்வேலியிலேயே. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100-க்குப் போன் செய்து கேள்.

வளைகாப்பு வரை காத்திருக்காதே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம்தானே, நாலு நாள் முன்னால் போனால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? டாக்டர் பயணத்துக்குச் சரி சொன்னதும் அம்மாவையோ அண்ணனையோ வரச்சொல்லிக் கிளம்பு. வழக்குப் பேச்சை ஊர் போய்ச் சேரும்வரை அவர் காதில் போடாதே. விட்டுப்போகிறாள் என்று தெரிகிற நேரத்தில்தான் கை இன்னும் மூர்க்கமாகும். ஆதார், கேஸ் பேப்பர், ஸ்கேன் ரிப்போர்ட், பாங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் நம்பகமான பக்கத்து வீட்டில் இப்போதே கொடுத்து வை.

மாமியாருக்கு ஒரு கேள்வி: பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதானே உங்கள் மகன் அடிக்கவே ஆரம்பித்தார்?

கேள்வி: பக்கத்து ரூமில் மாசமாக இருக்கிற பெண்ணை அடிக்கிற சத்தம் கேட்கிறது. புகார் செய்தால் நாளைக்கு எங்கள் மேலேயே கேஸ் திரும்புமா?
ஒரு வாசகர், செம்பூர்

பதில்: திரும்பாது. அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும், இதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவிலாகவும் கிரிமினலாகவும் பொறுப்பு வராது. அடி விழுந்துகொண்டிருக்கும்போது அவசர உதவி எண்ணான 112-க்குப் போன் செய்யுங்கள். மற்ற நேரத்தில், அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் அந்தப் பெண்ணிடம் முதலில் பேசுங்கள், பெண்கள் உதவி எண்ணான 181-ஐச் சொல்லுங்கள். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டாம், அவர் கண்ணில் பட்டால் அதற்கும் அவள்தான் அடிவாங்குவாள்.