ஜமாஅத் கொடுத்த குலா சான்றிதழை வைத்து மறுமணம் செய்யலாமா?

கேள்வி: மேலப்பாளையத்தில் இருக்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மருமகன் மூன்று வருடமாகப் பணமும் அனுப்பவில்லை, பேசவும் இல்லை. மகள் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்டாள். ஒரு ஜமாஅத் அலுவலகத்தில் மஹரை (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) திருப்பி வாங்கிக்கொண்டு சான்றிதழ் தந்தார்கள். இப்போது நல்ல வரன் வந்திருக்கிறது. ‘இந்தச் சான்றிதழே போதும், கோர்ட்டுக்குப் போவது மார்க்கத்துக்கு விரோதம்’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தத் தாளை நம்பி வரன் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குலா கேட்பது உங்கள் மகளின் உரிமை. ஆனால் திருமணம் முறிந்தது என்று சொல்லும் அதிகாரம் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, ஜமாஅத்துக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024-இல் மதுரைக் கிளைக்கு வந்தது நம் திருநெல்வேலித் தம்பதியின் வழக்கேதான். கணவர் காட்டிய ஷரீஅத் கவுன்சில் (தனியார் மார்க்க மன்றம்) சான்றிதழை நீதிமன்றம் ஏற்கவில்லை. காஜி (முஸ்லிம் திருமணங்களை நடத்திவைப்பவர்) தரும் கடிதமும் வெறும் கருத்துதான். 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே அவர்களுக்கு நீதிபதி அதிகாரம் தரவில்லை.

இந்தத் தாளோடு மறுமணம் செய்து, முதல் கணவர் நாளை புகார் கொடுத்தால், இருதார மணக் குற்றம் உங்கள் மகள் மீதுதான் விழும். ஏழு ஆண்டு வரை சிறை. சான்றிதழில் முத்திரை குத்தியவர் அன்றைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்.

மார்க்கத்துக்கு விரோதம் என்ற பேச்சுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) கோரிக்கையிலிருந்தே பிறந்தது. கணவர் இரண்டு ஆண்டு பராமரிக்காவிட்டாலே மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம் என்கிறது அது. அந்த வழியில் போயிருந்தால் மஹரையும் விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். மூன்று வருடம் கைவிட்டவருக்கு மஹரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்கள் இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை? சமரசம் பேசுவது, நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு) பராமரிப்பது, ஏழைகளுக்கு உதவுவது என்று பள்ளிவாசல் ஜமாஅத்துகள் செய்யும் நல்ல வேலைகளை நான் மதிக்கிறேன். லெட்டர்பேடில் ‘தீர்ப்பு’ எழுதும் வேலை அவர்களுடையது அல்ல.

தரகர்களிடம் எச்சரிக்கை. பதினைந்து நாளில் நோட்டரி கையெழுத்தோடு விவாகரத்துப் பத்திரம் என்பார்கள். அதற்கு மதிப்பே இல்லை, பணம்தான் போகும். குழந்தை இருந்தால், ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்ற வாசகத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. மருமகன் மனம் மாறி அவரும் பிரிய விரும்பினால், அது முபாரத். இதைக் குலாவோடு குழப்பாதீர்கள். குலாவில் கேட்பவர் மனைவி. முபாரத்தில் இருவருக்கும் சம்மதம். ஒப்பந்தத்தில் இருவரும் பிரிய விரும்புகிறோம் என்ற வாசகம், மஹர் என்ன ஆனது, குழந்தை யாரிடம், மாதம் எவ்வளவு என்பவை இருக்க வேண்டும். இருவரும் சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். அதையும் வீட்டுப் பெட்டியில் வைத்துவிடாமல் குடும்ப நல நீதிமன்றத்தில் கொடுத்து, திருமணம் முடிந்தது என்ற அறிவிப்பை வாங்க வேண்டும். வழக்கைவிட இது சீக்கிரம் முடியும்.

வழக்கு தாமதமாகும் என்பதை மறைக்கவில்லை. வெளிநாட்டு முகவரிக்குச் சம்மன் போய்ச் சேரவே மாதங்கள் ஆகின்றன. பிறகு வாய்தாமேல் வாய்தா. மக்களை லெட்டர்பேடுகளிடம் துரத்துவதில் பாதிப் பங்கு இந்த இழுத்தடிப்புக்கு உண்டு. நீதிமன்றங்கள் இதற்கு வெட்கப்பட வேண்டும்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. தப்தர் நகல், மஹர் கொடுத்த எழுத்து, பணம் வராததைக் காட்டும் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வரன் வீட்டாரிடம் இன்றே உண்மையைச் சொல்லித் தேதியைத் தள்ளிவையுங்கள். இத்தாவையும் (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்க வேண்டிய காலம்) நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.