டீச்சர் ஏன் கத்துகிறார்?

ஐயா,

என் மகன் ஐந்தாம் தரம் படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஏற்கெனவே இரண்டு டியூஷன். மூன்றாவதாக ஒரு ஞாயிறு வகுப்பிலும் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? பாடசாலையில் வகுப்பு டீச்சர் எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கிறாராம். அவரிடம் பிள்ளை என்ன படிக்கும்? இந்தப் பரீட்சையையே ஒழித்துவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள்.

ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

பரீட்சையை ஒழிப்பதா வேண்டாமா என்று நாடே பேசிக் களைத்துவிட்டது. கிராமத்து ஏழைப் பிள்ளையும் நல்ல பாடசாலைக்குப் போகட்டும் என்று கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த ஏற்பாடு அது. இன்று அம்மாமாரின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. 2024இல் கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு உச்ச நீதிமன்றம்! அதை விடுவோம்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது டீச்சர் கத்துகிறார் என்ற வரியைத்தான். மகனின் வகுப்பு நடக்கும்போது ஒருநாளாவது உள்ளே போய் நின்று பார்த்தீர்களா?

அண்மையில் தமிழ்த் தினப் போட்டிக்கு நடுவராகக் கொழும்பு வடக்கில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். போட்டி தொடங்கத் தாமதமானதால் ஆரம்பப் பிரிவுப் பக்கம் நடந்தேன். நீளமான ஒரு மண்டபம், அதற்குள் நான்கு வகுப்புகள். நடுவில் சுவர் கிடையாது. கால் வைத்த கரும்பலகைதான் எல்லை. ஒரு பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, மறுபக்கம் பாட்டு. நடுவில் ஒரு டீச்சர் நீர்வட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தார். "நீர் ஆவியாகி மேலே போய் என்ன ஆகும்?" என்று கேட்டார். முன்வரிசைப் பையன் ஒருவன் எழும்பி, "நாற்பத்தொன்பது" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார். உடனே வாய்ப்பாட்டு டீச்சரும் தன் சத்தத்தைக் கூட்டினார். நடுவில் இருந்தவரின் மேசையில் ஒரு பிளாஸ்க். உள்ளே மல்லித் தண்ணி. இடைவேளைக்குள் அது முடிந்துவிடும் என்றார். அதைச் சொல்லும்போதே தொண்டை கரகரத்தது.

அந்தப் பையன் மக்கு இல்லை, தங்கச்சி. காதில் விழுந்த கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னான். ஆனால் தவணை அறிக்கையில் 'கவனம் போதாது' என்று எழுதுவார்கள். தாய் அதைப் பார்த்துப் பதறி இன்னொரு டியூஷன் தேடுவார். பாடசாலையில் காதில் விழாததை ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து வாங்குகிறோம். அந்த டியூஷனும் பெரும்பாலும் ஒரு மண்டபம்தான், ஆனால் அங்கே மைக் இருக்கும்.

நான் நாலாம் வகுப்புப் படித்ததும் இப்படியொரு மண்டபத்தில்தான். பக்கத்து வகுப்பு சேர் கதை சொல்லத் தொடங்கினால் எங்கள் டீச்சர் தன் பாடத்தை நிறுத்திவிடுவார். "சரி, கையைக் கட்டிக்கொண்டு அதையே கேளுங்கள்" என்பார். அவ்வளவு நல்ல மனுஷி. ஓய்வு பெறும்போது குரலே போய்விட்டது. கடைசி வருடங்களில் சைகையால்தான் கூப்பிடுவார்.

இலவசக் கல்வி வந்தது 1945இல். சீருடை, பாடநூல் எல்லாம் அரசாங்கம் தருகிறது. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் ஒரே ஊரில் மத்திய அரசின் கீழுள்ள ஒரு தேசிய பாடசாலைக்கு நீச்சல் தடாகம் இருக்கிறது, இரண்டு தெரு தள்ளி மாகாண சபையின் கீழுள்ள பாடசாலையில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டி கூட இல்லை. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு மேலே குதிக்கச் சொல்கிறோம். பக்கத்துப் பாடசாலை உருப்படியாக இருந்தால் இந்தப் பரீட்சையை யார் தேடப் போகிறார்கள்? 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் தேசிய உற்பத்தியில் 6% கல்விக்கு வேண்டும் என்று வீதியில் இறங்கியபோது நம்மில் பலர் அதை அவர்களுடைய சம்பளச் சண்டை என்று நினைத்தோம். 2021இல் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழி வகுப்புகளை நிறுத்தியபோது, "பிள்ளைகளை வைத்து விளையாடுகிறார்கள்" என்று வட்ஸ்அப்பில் எழுதியதும் நாம்தான். அந்த முரண்பாட்டுக்கு அப்போது 24 வயது. அத்தனை வருடமும் நமக்கு அது காதில் விழவில்லை.

இப்போது கொஞ்சம் ஏசப் போகிறேன், கோபிக்க வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? பெற்றோரும் பழைய மாணவரும் காசு சேர்த்து வாசலில் பெரிய வளைவு கட்டுகிறார்கள். கொடுத்தவர் பெயர் பளிங்கில் பொறித்திருக்கும். அந்தக் காசுக்கு எத்தனை தடுப்புச் சுவர் கட்டலாம் என்று ஒரு மேசனைக் கேட்டுப் பாருங்கள். தடுப்புச் சுவரில் பெயர் போட முடியாது, அதுதான் சிக்கல்.

டியூஷனா? மூன்றாவது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவன் பத்து மணி வரை தூங்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத் திகதியை வகுப்பு டீச்சரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும். அப்படியே, பக்கத்து வகுப்பில் அந்த நேரத்தில் என்ன பாடம் நடக்கிறது என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.