அடிபட்ட பூனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த தெருப்பூனை நேற்று மாலை பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. தொடையில் ஆழமான புண். மடியில் படுத்துத் தூங்கிய பூனை, இப்போது கை நீட்டினால் சீறுகிறது. மணிக்கட்டில் கடித்தும்விட்டது. அம்மா மஞ்சள் பூசச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். அது தானாக அடங்கும்வரை விட்டுவிடலாமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் மணிக்கட்டைப் பாருங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். தடுப்பூசி அங்கே இலவசம். பூனைக்கடி வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். கை சிவந்து வீங்கினால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பேறி, மூச்சுத் திணறும். 500 மி.கி. மாத்திரையில் பாதி, ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் மாத்திரையும் ஆபத்துதான். நல்லெண்ணத்தோடு கொடுத்தே எத்தனையோ பேர் பூனையை இழந்திருக்கிறார்கள். டெட்டாலும் அதற்கு நஞ்சு, பூசியதையெல்லாம் நக்கிவிடும். மஞ்சளை அப்பினால் புண்ணின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடிபட்ட பூனை அடங்கிக் கிடந்தால், பெரும்பாலும் சீறக்கூடத் தெம்பில்லை என்று அர்த்தம். உங்கள் மீது அதற்குக் கோபம் எதுவும் இல்லை. தொட்டால் உயிர் போகிற வலி, அவ்வளவுதான். அதைத் தொட்டுச் சமாதானப்படுத்த முயல வேண்டாம். புண்ணைக் கழுவுவது, கட்டுப்போடுவது, காலை நீவிப் பார்ப்பது எதுவும் உங்கள் வேலை இல்லை. பெட்டிக்குள் ஏற்றி மருத்துவரிடம் சேர்ப்பது மட்டுமே உங்கள் வேலை.

அதற்கும் கை நீட்டத் தேவையில்லை. அறைக்கதவையும் ஜன்னலையும் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கட்டிலின் மூன்று பக்கமும் தலையணை, சூட்கேஸ் என்று அடைத்து ஒரே ஒரு வழி விடுங்கள். அந்த வாயில் அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, அது வழக்கமாகத் தூங்கும் துணியை உள்ளே விரித்து, பெட்டியின் மேல் போர்வை போட்டு இருட்டாக்குங்கள். எதிர்ப்பக்கத் தலையணையை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால் பூனை இருட்டைத் தேடிப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் வாயை மூடிக் கயிறு கட்டுங்கள். காற்றுக்கு முன்பே ஓட்டை போட்டு வைத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டி இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டலாம். போகவே மறுத்தால் கனமான துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போட்டு, துண்டோடு மொத்தமாக, அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் தாங்கித் தூக்குங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். பெரிய பூனைக்கு அது வேதனை.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஒரு நாளாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ இரவென்றும் பார்க்காமல் கிளம்புங்கள். வண்டியில் அடிபட்ட பூனைக்கு மூத்திரப்பை கிழிந்திருக்கக்கூடும். சாப்பிடாமல் இரண்டு நாள் போனால் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கும் என்பதால் அதையும் தள்ளிப்போட முடியாது.

மருத்துவரிடம் இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். ஒன்று, உங்களைக் கடித்தது. இன்னொன்று, வீட்டில் மாத்திரை கொடுக்க முடியாது என்பது. இரண்டு வாரம் வரை வேலை செய்யும் கிருமிக்கொல்லி ஊசி உண்டு. பொருந்துமென்றால் தினமும் வாயைத் திறக்கும் போராட்டமே இருக்காது. எலும்பு முறிந்திருந்தால் வாரக்கணக்கில் கூண்டில் வைக்கச் சொல்வார். அது கத்தும், நீங்கள் திறந்துவிடத் துடிப்பீர்கள். திறக்காதீர்கள்.

எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.