பட்டாலையை அடைத்து நிற்கும் பெட்டகம்

சகோதரி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையை, அதாவது கூடத்தை, பெட்டகமும் கட்டிலுமாக அடைத்துக்கொண்டு நடக்கவே வழியில்லை, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொது வீட்டில் ஒரு எனாமல் தூக்கு காணாமல் போனாலும் மனஸ்தாபம் வரும்.

பெட்டகத்தை இழுக்கவே இழுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி இழுத்து, தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லின் நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கீறல் விழுந்தது. இன்றைக்குப் பார்த்தாலும் மனசு வலிக்கிறது. அந்தக் கல்லில் நிறம் மேலே மெல்லிசாகத்தான் இருக்கும், கீழே வெறும் சிமெண்ட். உள்ளே இருப்பதை எல்லாம் காலி செய்து, நாலு பேராகத் தூக்கி வையுங்கள். பெட்டகம் நின்ற இடத்தில் கறை இருந்தால் ஆசிட் ஊற்ற வேண்டாம், கல்லை அரித்துவிடும். தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள்.

சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

அப்புறம், விற்பதானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு மூன்று பழம்பொருள் கடைகளில் விலை கேளுங்கள். தேக்குப் பெட்டகத்தை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வளவு என்கிற திறந்த முற்றத்தின் மழைச் சாரல் படாத மூலையில் வைத்தால் ஜமுக்காளம், பட்டுப்புடவை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.